முட்டைக் கருவில் ஒரு ஆயர்: நிக்கோலாஸ் ஐகான் இதுவரை

பலகை தயார், பொன் தாளும் ஒட்டியாயிற்று, இப்போது முகத்தில் வந்து நிற்கிறேன். வரைவது இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து ஆயர் (பிஷப்) புனித நிக்கோலாஸை, ஐகானாக, அதாவது கிழக்கத்திய கிறிஸ்தவ மரபில் மரப்பலகையில் வரையும் புனிதப் படமாக. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது 1294இல் அலெக்சா பெத்ரோவ் வரைந்த, ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்து ஐகான். அதன் ஓரமெல்லாம் குட்டிக் குட்டியாகப் புனிதர்கள். என் பலகை ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் என்பதால் அவர்களை விட்டுவிட்டேன்.

துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் முயல்தோல் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சை அடுக்கடுக்காகப் பூசித் தேய்க்கும் கட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூசி பறக்கும், தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

சுவாரசியமே முட்டையில்தான். வெள்ளைக் கருவைப் பிரித்துவிட்டு மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டினால் மேலே ஒட்டிய ஈரம் போய்விடும். அப்புறம் அதன் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அடியில் ஊசியால் குத்தினால் கரு முழுக்கக் கிண்ணத்தில் ஒழுகி, வெறும் தோல் மட்டும் விரலில் தொங்கும். அதே அளவு தண்ணீர், சில சொட்டு வினிகர், அரைத்த நிறப்பொடி. பூசிய உடனே காய்ந்துவிடுகிறது, அதனால் இழுத்துப் பரப்புகிற பேச்சுக்கே இடமில்லை, மெல்லிய கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

முகத்துக்கு முதலில் பச்சையும் பழுப்புமாக ஓர் அடிநிறம், அதன்மேல் காவி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பு. அடிநிறம் மட்டும் இருக்கும்போது ஆயர் பாசி பிடித்த சுவர் போல இருந்தார். வீட்டில் எட்டிப் பார்த்தவர்கள் "கிறிஸ்துமஸ் தாத்தாவா இவர்? சிவப்புச் சட்டை எங்கே?" என்று கேட்டார்கள். கேள்வி தப்பில்லை. வறுமையில் இருந்த ஒருவரின் மூன்று பெண்களுக்குக் கல்யாணச் சீராக இரவோடு இரவாகப் பொன் முடிப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனவர் என்ற கதைதான் நெதர்லாந்தில் சின்டர்கிளாஸ் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பரிசு தரும் வழக்கமாகி, பிறகு தாத்தாவாக வளர்ந்தது. பட்டாரா என்ற ஊரில் பிறந்து (இன்று துருக்கி), மீராவில் ஆயராக இருந்து, நான்காம் நூற்றாண்டில் இறந்தார் என்பது மரபு. அவர் வாழ்க்கையை முழு வரலாறாக எழுதியது ஒன்பதாம் நூற்றாண்டில்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. மனிதரைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் மக்கள் அவரை எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஏராளமாகத் தெரியும். 1087இல் பாரி நகர மாலுமிகள் மீராவுக்குப் போய் எலும்புகளை எடுத்துக்கொண்டு இத்தாலிக்கு வந்துவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் திருட்டு. ஆனால் அதற்கும் மே 9 அன்று திருவிழா உண்டு, கல்லறையில் ஊறும் நீரை அன்றைக்கு எடுக்கிறார்கள், கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ்காரர்களும் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

அந்த எலும்புகளை 1950களில் அளந்து பதிவு செய்தார்கள். பின்னாளில் அந்த அளவுகளை வைத்து பிரிட்டனில் முகத்தை மீட்டுருவாக்கியபோது, மூக்கு உடைந்து கோணலாகச் சேர்ந்த முகம் வந்தது. என் தலைவலி இங்கேதான். கோணல் மூக்கைப் போடுவதா, மரபின் நேர் மூக்கா? கொஞ்ச நேரம் யோசித்து நேர் மூக்கையே போட்டேன். ஏறிய நெற்றி, குட்டை நரைத்தாடி, தோளில் சிலுவை போட்ட வெள்ளைப் பட்டை, கையில் நற்செய்தி நூல்: இவற்றை வைத்துத்தான் இத்தனை நூற்றாண்டாக அவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். தடயவியல் முகம் வேண்டுமென்றால் அது வேறு படம்.

இனி பாக்கி, மேலே இரு பக்கமும் வரும் சிறிய உருவங்கள். கிறிஸ்து நற்செய்தி நூலையும் மரியாள் தோளில் போடும் அந்த வெள்ளைப் பட்டையையும் நீட்டுவார்கள். நீசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில், கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு நிகரல்ல என்று போதித்த ஆரியுஸை அறைந்ததற்காக நிக்கோலாஸின் பதவி பறிபோய், இவர்கள் திருப்பிக் கொடுத்ததாகக் கதை. அறைந்தாரோ இல்லையோ, கதை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இடம் நெருக்கடியாக இருந்தாலும் இவர்களை விடப்போவதில்லை.

பெயர் எழுதுவது கடைசி. மாதிரி ரஷ்ய ஐகானாக இருந்தாலும் எழுத்துகளைக் கிரேக்கத்தில்தான் போடப்போகிறேன், அவர் ஊர்ப்பக்கம் புழங்கிய மொழி அதுதானே. அது காய்ந்து சில வாரம் கழித்து ஆளிவிதை எண்ணெய் பூச்சு.