இலை உருவிய மரம்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு ஸ்ட்ரோபெரி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் போனது ஓர் அப்பிள் மரத்தைப் பார்க்க. யாழ்ப்பாணத்தானுக்கு அப்பிள் என்பது ஸ்டிக்கர் ஒட்டிக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பண்டம். அது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் காய்க்கிறது என்று நண்பன் சொன்னபோது நான் நம்பவில்லை.

இறம்பொடை வளைவுகளில் பஸ் என் வயிற்றைக் கலக்கியது தனிக்கதை. ஓர் ஐயாவும் அம்மாவும் குடியிருக்கும் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) பின்னால், லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே, தோளுயரத்தில் இரண்டு மரங்கள் நின்றன. கிளைதோறும் கயிற்றில் கல் தொங்கியது. கல் கட்டாமல் விட்ட ஒரு கிளை மட்டும் நேராக மேலே போய், உச்சியில் குடுமிபோல் நாலு இலையுடன் மொட்டையாக நின்றது. வளைத்த கிளைகளிலோ கணுவுக்குக் கணு தளிர்.

வழக்கமான அப்பிள் இனங்களுக்கு 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800, 1000 மணி நேரக் குளிர் வேண்டும். அந்தக் குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காக மொட்டு விடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்தான். தை மாதத்தில் சில விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். ஆனாலும் கணக்குக்குக் காணாது. இங்கே நின்றவை இஸ்ரேலில் உருவான ‘அன்னா’வும் பஹாமாஸிலிருந்து வந்த ‘டோர்செட் கோல்டனும்’. இவற்றுக்கு முந்நூறு மணி நேரமே போதும்.

“அதுவும் கிடைக்காவிட்டால்?”

“மரத்தை ஏமாற்ற வேண்டும், தம்பி” என்றார் ஐயா.

ஏமாற்றுகிறவர் அம்மா. முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. காய் பறித்து முடிந்ததும் மரத்து இலை முழுவதையும் உருவிவிடுகிறார். மரம் ஆழ்ந்து உறங்குமுன் மொட்டு விழித்துக்கொள்கிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் ‘பத்து’ (Batu) என்னும் மலை ஊரிலும் இப்படித்தான் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். இரண்டு மரத்துக்கும் சேர்த்தே உருவ வேண்டும். இரண்டிலும் பூ ஒன்றாக வராவிட்டால், மற்ற மரத்தின் மகரந்தம் கிடைக்காமல் அன்னா சரியாகக் காய்க்காது.

இலையடி மொட்டு நோகாமல் கீழ்நோக்கித் திருகி எடுத்துக் காட்டினார். பிடி நிறைந்ததும் கை தானாகத் தோளுக்கு மேல் போய் இலையைப் பின்னால் எறிந்தது. முதுகில் கூடை இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

பழம் சிறியது; புளிப்பும் மொறுமொறுப்பும். கடைப் பழத்தைவிட எனக்கு இதுவே பிடித்தது. விற்கிறீர்களா என்று கேட்டேன்.

“பேரப்பிள்ளைகளுக்கே காணாது. சோற்றுக்கு லீக்ஸ் இருக்கிறது” என்ற ஐயா, குழாயை இழுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.