கரண்ட் வைக்கிற தம்பி

காரைக்குடியில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அமைந்த பெயர் ‘கரண்ட் வைக்கிற தம்பி’. வருகிறவர்கள் முழங்காலை நீட்டிவிட்டு, “இன்னைக்குக் கொஞ்சம் கூட வைங்க தம்பி” என்பார்கள். நானும் தோல்வழியாக மெல்லிய கரண்ட் கொடுத்து வலியைக் குறைக்கிற டென்ஸ் மெஷினை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். பயிற்சி சொல்லித்தர நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் பாதி பொய்.

அந்த மெஷினில் மாயம் ஒன்றுமில்லை. இடித்துக்கொண்ட இடத்தைக் கையால் தேய்க்கிறோமே, ஏறக்குறைய அதே கணக்கு. தொடுவுணர்வு முந்திக்கொண்டு போய் முதுகுத்தண்டில் வலிக்குக் கதவைச் சாத்துகிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். மெஷினைக் கழற்றினால் சற்று நேரத்தில் கதவு திறந்துகொள்ளும். தேய்ந்த மூட்டுக்குத் துணை தொடைத்தசைதான். அதற்குக் கரண்ட் போதாது, வேலை கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பாடத்தில் படித்திருந்தும், உறைத்தது கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி வீட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் எத்தனை நிலைப்படி!

“வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க ஆச்சி?”

“மார்க்கெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. அடுப்படிக்குப் போனா திரும்பி வர முடியல. அத எழுதிக்கப்பா.”

எழுதிக்கொண்டேன். இப்போதும் மார்க்கோடு அதையும் கேட்டு எழுதுகிறேன்.

மெஷின் அன்று பழுது. வேறு வழியில்லாமல் கட்டிலில் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, “அழுத்திப் பிடிங்க, அஞ்சு எண்ணுங்க” என்றேன். ஆச்சி எண்ணவில்லை, ஐந்து முறை ‘முருகா’ சொன்னார். சரி, அதுவும் கணக்குத்தான். அப்புறம் திண்ணை விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கல், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரல்.

முதல் வாரம் திட்டு விழுந்தது. “இருந்த வலி போதாதுன்னு தொடையும் வலிக்குது!” வேலை பார்த்த தசை ஓரிரு நாள் வலிக்கும், மூட்டு வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். வீங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. அடுப்படிக்கு எத்தனை தடவை போனாலும் திரும்பிவிடுகிறாராம். “தைப்பூசத்துக்கு எல்லாரும் பழனிக்கு நடக்குறாங்க. நான் குன்றக்குடி வரைக்குமாவது போகட்டுமா?”

“இந்த வருஷம் குன்றக்குடி மலை அடிவாரம் வரைக்கும் கார்ல போங்க ஆச்சி.”

போனை வைத்துவிட்டார்.