மார்க் 4-க்கு இன்ஜெக்‌ஷன்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 8, 2025

இன்று காலை கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் அதன் வேலையை இனி எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பார்க்க வேண்டும்: ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அளவு சொல்ல, இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். வண்டி 1984 அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கியது.

எங்கள் கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர். காற்றழுத்தம் இங்கே 96 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 77-தான். காற்று மெலிந்துவிட்டது என்பது கார்புரேட்டரின் ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோல் வரும் சிறு துளைக்கு, தெரியாது. அதே கணக்கில் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். பர்லியார் தாண்டியதும் கறுப்புப் புகை வரும், இழுவை போய்விடும். குன்னூரில் அப்பா ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுவார். காதை வைத்துக் கேட்பார். இன்னும் கொஞ்சம் திருகுவார். சிறு வயதில் அவர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பது என் வேலை.

இப்போது கீழேயும் தொல்லை. பம்புகளில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்துவிட்டது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய, அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 மடங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் விட வேண்டும். பழைய ஜெட் பழைய அளவைத்தான் விடுகிறது. சமவெளியில் பற்றாக்குறை, மலையில் மிச்சம். இரண்டுக்கும் ஒரே ஜெட் எப்படிப் பொருந்தும்?

ஜூன் 15

ஒரு வாரமாக ஒரே யோசனை: சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு இன்ஜெக்டரா, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே, காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் வைத்து எல்லாவற்றுக்கும் பொதுவாக அடிப்பதா?

இந்த இன்ஜினின் ஹெட்டைப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் வம்சம் இது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, காற்று நுழையும் உள்வாய் இரண்டே இரண்டு. 1-ம் 2-ம் ஒரு வாயில் மூச்சு விடும், 3-ம் 4-ம் இன்னொன்றில். வெடிப்பு வரிசை 1-3-4-2. ஆக, ஒரே வாயைப் பங்கு போடும் இரண்டும் அடுத்தடுத்து இழுக்கும், பிறகு அந்த வாய் சும்மா கிடக்கும். அங்கே நேரடியாக இன்ஜெக்டர் வைத்தால், எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு போகிறது என்பதை மிக நுணுக்கமாக நேரம் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றுக்கு விருந்து, மற்றதற்குப் பட்டினி.

இதே அமைப்புள்ள ஏ சீரிஸ் இன்ஜினோடு வந்த மினி கூப்பருக்கு ரோவர் 1991-ல் இன்ஜெக்‌ஷன் கொடுத்தபோது, ஒற்றை த்ராட்டில் பாடியைத்தான் வைத்தார்கள். நானும் அந்த வழியில்தான் போகிறேன்.

ஜூன் 22

உக்கடத்தில் அரை நாள் சுற்றி, பழைய எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள) கார் ஒன்றின் த்ராட்டில் பாடியும் இரண்டு இன்ஜெக்டரும் வாங்கினேன். இந்த இன்ஜினுக்கு 50 குதிரைத்திறன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இ20-க்கும் சேர்த்து நிமிடத்துக்கு 350 மில்லி பெட்ரோல் வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து 400 விடும். போதும்.

ஜூலை 6

பெட்ரோல் லைன். இந்த வேலையில் அவசரமே கூடாது.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்லிய அழுத்தத்தில் வந்தால் போதும். இன்ஜெக்டருக்கு 3 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு, வேண்டும். பழைய ஹோஸும் சாதாரண கிளிப்பும் அதைத் தாங்காது. பெட்ரோல் சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் பீய்ச்சியடித்தால் வண்டியே போய்விடும். அதோடு, கழற்றிய ஹோஸை அறுத்துப் பார்த்தேன். உள்சுவர் ஊறி, நகத்தால் சுரண்டினாலே பிசிறாக வருகிறது. இ20 ஊற்றி ஓட்டும் எல்லாப் பழைய வண்டிக்காரர்களும், இன்ஜெக்‌ஷன் போடுகிறார்களோ இல்லையோ, இந்த ஹோஸை உடனே மாற்றிவிட வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் ஏற்பாடு: பழைய மெக்கானிக்கல் பம்ப் அப்படியே இருக்கிறது. அது ஒரு லிட்டர் சின்ன டேங்கை நிரப்பும். மிகுந்தது புதிய ரிட்டர்ன் லைன் வழியாகப் பின்னால் போகும். அந்தச் சின்ன டேங்கிலிருந்து எலெக்ட்ரிக் பம்ப் 3 பாரில் இன்ஜெக்டருக்குத் தள்ளும். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை இழுக்காது. அழுத்தமுள்ள லைனும் குட்டையாக இருக்கிறது. இன்ஜின் நின்றால் ரிலே தானாகப் பம்பை நிறுத்திவிடும்.

ஜூலை 13

கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணன் த்ராட்டில் பாடியை இன்ஜினில் பொருத்த, அலுமினியக் கட்டையில் அடாப்டர் கடைந்து கொடுத்தார். தாளில் வரைந்து போயிருந்தேன். பார்த்துவிட்டு, "தம்பி, இன்ஜெக்டர் சுவத்தைப் பார்த்து அடிக்குது. ரெண்டையும் கொஞ்சம் உள்ள சாய்ச்சு, ஓட்டையைப் பார்த்து அடிக்க வைங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். பெட்ரோல் சுவரில் வழிந்து குட்டையாகத் தேங்கியிருக்கும், தப்பித்தேன்.

ஜூலை 27

மூளைக்கு ஸ்பீடுவினோ போர்டு. திறந்த மூல வடிவமைப்பு (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்), ஆர்டுவினோ மெகா என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு மேல் ஓடுவது. இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அது அறிய, முன்பக்கப் புல்லியில் 36 பல் சக்கரம், அதில் ஒரு பல் இல்லை. அந்த இடைவெளிதான் அடையாளம். ஸ்பார்க் இப்போதைக்குப் பழைய டெல்கோவிடமே (டிஸ்ட்ரிபியூட்டர்) இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆனது! நான்கு நொடி ஓடியது. ரேஸ் கொடுத்ததும் அணைந்தது. இரவு பதினோரு மணி வரை இதே கதை.

ஜூலை 28

காரணம் இரண்டு. காந்த சென்சாரின் இரண்டு வயரையும் மாற்றி இணைத்திருந்தேன். அப்படி இணைத்தால் பல்லின் தவறான ஓரத்தைப் பார்த்து எண்ணும், இல்லாத பல்லின் இடம் குழம்பிவிடும். அடுத்தது, பிளக் வயர் பழைய செம்புக் கம்பி. அதன் மின் இரைச்சலில் லாப்டாப் இணைப்பே அறுந்தது. ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் மாட்டியதும் அடங்கியது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரும் போட்டாயிற்று. ஐட்லிங்கில் பம்பையும் போர்டையும் டைனமோவால் தாங்க முடியாது.

ஆகஸ்ட் 17

மூன்று வாரமாக அவிநாசி ரோட்டில் அதிகாலை ஓட்டம். சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சார், மடியில் லாப்டாப்போடு தம்பி. ஆர்பிஎம் ஒரு பக்கம், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) அழுத்தம் ஒரு பக்கம் என்று, எவ்வளவு பெட்ரோல் என்பதற்கு 16-க்கு 16 கட்டம். ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறோம்.

எண்ணெல்லாம் சரியாக வந்த பிறகும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு தயக்கம். எனக்குப் பிடிபடவில்லை. அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். "மிதிச்ச உடனே ஒரு விக்கல் விக்குது. அப்புறந்தான் எடுக்குது. அந்த நேரத்துல பெட்ரோல் பத்தல" என்றார். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் நொடி மட்டும் கலவை மெலிந்து மீள்கிறது. மிதிக்கும் கணத்துக்கான கூடுதல் பெட்ரோலை ஏற்றினேன். விக்கல் போய்விட்டது.

மேனிஃபோல்டுக்குக் கீழே சைலன்சர் சூடு படும் இடத்தை மறைத்துவிடச் சொன்னார்கள் சிலர். செய்யவில்லை. பெட்ரோல் மேனிஃபோல்டு முழுக்கப் பயணம் செய்யும் அமைப்பில், அது ஆவியாக அந்தச் சூடு வேண்டும்.

ஆகஸ்ட் 31

நேற்று ஊட்டி. அப்பா முன் சீட்டில்.

நிறுத்தாமல் ஏறினால், போர்டு கிளம்பிய இடத்தின் காற்றழுத்தத்தையே நினைவில் வைத்திருக்கும். அதனால் வெளிக்காற்றுக்கென்று தனி சென்சார் போட்டிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் 97 காட்டியது. கல்லார் தாண்டி இறங்கத் தொடங்கிய எண், குன்னூரில் 81-ல் நின்றது. அதற்கேற்ப இன்ஜெக்டர் திறக்கும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது கியரில் சீராக ஏறினோம். பலம் குறைவுதான், மெலிந்த காற்றுக்கு அது இயல்பு. புகை இல்லை.

குன்னூரில் பழைய இடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார். பானெட்டைத் திறந்து குனிந்து கேட்டார். வெகுநேரம் கேட்டார். "சரி, மூடு" என்றார்.

இன்று காலை ஊட்டிக் குளிரில் இரண்டாவது முயற்சியில்தான் ஸ்டார்ட் ஆனது. குளிர்நேரக் கூடுதல் பெட்ரோலை இன்னும் ஏற்ற வேண்டும். கோவையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்க முடியாது. இறங்கும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுதாக மூடிக்கொள்கிறது. 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே வந்தால்தான் திரும்பத் திறக்கும். முன்பெல்லாம் இந்த இறக்கத்தில் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். பர்லியார் வரை அப்பா அதற்காகக் காத்திருந்தார் போல. அங்கே வந்ததும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "சத்தமே வரலியேடா" என்றார்.