முழுக்கா, தெளிப்பா?

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தனியாக ஊர் சுற்ற வேண்டியதில்லை. கொல்கத்தா, டாக்கா, அகர்தலா, ஓங்கோல், திமாப்பூர் எல்லாம் ரெஜிஸ்டரிலேயே இருக்கும். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு. பாதி இந்தியும் கால்வாசி வங்காளமும் இங்கே பழகியதுதான்.

போன வருஷம் பதினான்காம் நம்பர் அறையில் ஒரு நாகா வாத்தியார் தங்கியிருந்தார். பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கல்லூரி ஒன்றில் வேலை. அப்பாவுக்கு ஆபரேஷன். சனிக்கிழமை ராத்திரி, "பக்கத்தில் பாப்டிஸ்ட் சர்ச் இருக்கா அங்கிள்?" என்றார். நான் விபூதி பூசுகிற ஆள்தான், ஆனாலும் மிஷன் கல்லூரியான ஊரிசுவில் படித்தவன் என்ற தைரியத்தில், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் தேவாலயம் ஒன்றுக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மதியம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தது. ஆனா சம்மதமான்னு அந்தக் குழந்தையை யார் கேட்டாங்க?"

பாப்டிஸ்டுகள் கணக்கு அதுதான். விவரம் தெரிந்து, தானே விசுவாசித்து, அதற்கப்புறம்தான் ஞானஸ்நானம். அதுவும் தலையில் தெளிப்பதில்லை, தண்ணீரில் முழுசாக முழுக்கி எடுப்பது. பேராயரும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே கூடி முடிவு செய்துகொள்ளும். "அப்போ மேலே யாரு?" என்று கேட்டேன். விட்டத்தை நோக்கி விரலைக் காட்டினார்.

நான் வேலூர் கதையைச் சொன்னேன். இங்கே வேர்விட்டது 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன். அது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை, டச்சுக்காரர் வழி. 1898இல் வந்த எங்கள் கல்லூரியின் பெயரே வூர்ஹீஸ் என்ற டச்சுப் பெயர்தான். நம் நாக்கில் அது ஊரிசு ஆகிவிட்டது. ரொம்ப நாள் அதைத் தமிழ்ப் பெயர் என்றே நினைத்திருந்தேன், அது வேறு விஷயம். 1947இல் பல சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இந்த மிஷன் சபைகளும் அதில் கலந்தன. பாப்டிஸ்டுகள் சேரவில்லை.

அவர் ஊரில் 1872இல் கிளார்க் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி வந்ததில்தான் எல்லாம் ஆரம்பமாம். ஓங்கோலில் இருந்து வந்த ஒரு பெரியவர் முன்பு சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. நாம் தாது வருஷப் பஞ்சம் என்கிறோமே, அந்தச் சமயத்தில் கிளவ் என்ற பாப்டிஸ்ட் பாதிரி பக்கிங்காம் கால்வாய் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறார். ஆனால் கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்சம் தணியும்வரை ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அப்புறம் 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். அந்த எண்ணைப் பெரியவர் தன் பிறந்த தேதி மாதிரிச் சொன்னார்.

வாத்தியாரிடம் ஒன்று மட்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது: சரியான இடத்தில் மடக்குவார். "உங்க சி.எஸ்.ஐ. போதகர்கள் பி.டி. எங்கே வாங்கினாங்க?" என்று கேட்டார். பி.டி. என்பது இறையியல் பட்டம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொல்கத்தா பக்கத்துச் செராம்பூருடையதுதான். செராம்பூர் கல்லூரியை 1818இல் தொடங்கிய கேரி, மார்ஷ்மன், வார்டு மூவருமே பாப்டிஸ்டுகள். அந்த ஊர் அப்போது டென்மார்க் ராஜா கையில், நம் தரங்கம்பாடி மாதிரி. பட்டம் கொடுக்கும் உரிமையும் 1827இல் அந்த ராஜா கொடுத்த சாசனத்தில் வந்ததுதான்.

நானும் விடவில்லை. என் தங்கைக்குப் பிரசவம் நடந்தது பெங்களூர் ஹெப்பாளில் உள்ள பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரியில். 1973இல் அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் கட்டியது அது. 1989இல் அதன் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது யார்? எங்கள் சி.எம்.சி. இதைச் சொன்னதும் வாத்தியார் கை கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட நானே காட்பாடிக்கு ஆட்டோவில் கூடப் போனேன். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது அவருடைய அப்பா எட்டிப் பார்த்தார். கீழே மணலும் முள்ளுச் செடியும்தான். என்ன இது என்று கேட்டார். ஆறு என்றேன்.

இருபது நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர் அவர். மகனிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

"இந்த ஊருக்குத் தெளிப்புதான் கட்டுப்படியாகும்னு சொல்றார்."