விடாமுயற்சியில் இருக்கும் ‘விடா’

பள்ளிப் பேச்சுப்போட்டிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மகள், விடாமுயற்சியும் விடாப்பிடியும் ஒன்றுதானா என்று கேட்டாள். இரண்டிலும் ‘விடா’ இருக்கிறதே என்பது அவளுடைய ஐயம். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று விளக்குவதற்கு ஒரு வாரம் யோசிக்க வேண்டியிருந்தது.

‘விடாத’ என்பதன் ஈறு கெட்டு ‘விடா’ என்று நிற்பதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் ‘விடு’ என்னும் வினைக்குப் பல பொருள்கள் உண்டு. கையில் பிடித்ததை விடுவதும் விடுதல்தான். மழை விடுவதும் காய்ச்சல் விடுவதும் விடுதல்தான். விடாப்பிடியில் இருப்பது முதலாவது: விரல்களை இறுக்கிக்கொண்டு, பிறர் சொல்வதைக் காதில் வாங்காமல் நிற்கும் நிலை. விடாமுயற்சியில் இருப்பதோ மழையின் ‘விடா’ என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று நாளாக விடாமல் மழை என்கிறோம். அந்த மூன்று நாளும் அது ஒரே வேகத்தில் கொட்டுவதில்லை, நடுநடுவே தூறலாகத் தேய்ந்து மறுபடியும் வலுக்கிறது, ஆனாலும் வானம் வெளுப்பதில்லை.

திருவள்ளுவர் விடாமுயற்சி என்ற சொல்லைக் கையாளவில்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முதற்குறளில் ‘அசாவாமை வேண்டும்’ என்கிறார். கடைசிக் குறளில் ‘உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்’ ஊழையும் புறங்காண்பர் என்கிறார். அசாவுதல் என்றால் தளர்தல், உஞற்றுதல் என்றால் முயலுதல். அசாவாமை, உலைவின்றி, தாழாது, விடா என எல்லாமே எதிர்மறையாக அமைந்திருப்பதைக் கவனித்தபோது மனம் நெகிழ்ந்தது. தளர்ச்சி வரும் என்று ஒப்புக்கொண்ட பிறகே அதை மறுக்கும் சொற்கள் இவை.

அடுத்த அதிகாரமான இடுக்கண் அழியாமையில் வரும் ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான்’ என்னும் 624ஆம் குறளை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். பகடு என்பது வண்டி தடைப்படும் இடந்தோறும் இழுத்துக் கரையேற்றும் எருது. அதைப் போன்றவனுக்கு வந்த துன்பமே துன்பப்படும் என்கிறது குறள். பரிமேலழகர் உரையில் அந்த எருது மூக்கை ஊன்றியும் கால் மடங்கித் தவழ்ந்தும் பாரத்தை இழுக்கிறது. ‘எல்லாம்’ என்ற சொல்லில்தான் குறளின் உயிர் இருக்கிறது. ஒரு பள்ளத்திலிருந்து ஏறிவிட்டால் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அவளுக்குப் பொருளை விளங்க வைத்தவர் என் தந்தைதான். பக்கவாதத்தால் வலக்கை மரத்துப்போன அவர், நான்கு மாதமாகத் தினமும் காலையில் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து தாமே சட்டைப் பொத்தானைப் போட முயல்கிறார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பொத்தான் வழுக்கிக்கொண்டு போகும். துணியின் ஓட்டை எங்கே என்று விரல் தடவித் தேடும். சில நாட்களில் மூன்று பொத்தான்கள் வரை போட்டுவிடுகிறார், சில நாட்களில் ஒன்றோடு நின்றுவிடுகிறது. விடாப்பிடிக்காரராக இருந்திருந்தால் மதியம் வரை அதனோடு மல்லுக்கட்டியிருப்பார். அவரோ கையைத் தாழ்த்திக்கொண்டு, “மீதியை நீ போட்டுவிடும்மா, நாளைக்குப் பார்க்கலாம்” என்று என்னைக் கூப்பிடுகிறார்.