நாற்பது ஃபிரேம்

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்று முதல் நோன்பு. அசிஸ்டென்ட் தம்பி எட்டு மணிக்கே வந்து சிஸ்டத்தை ஆன் பண்ணி வைத்திருந்தான். மாலையில் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வந்தான். எடிட் ரூமுக்குள் சாப்பாடு கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அதனால் வேலையை நிறுத்திவிட்டு வராந்தாவில் அவனோடு உட்கார்ந்து நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

படம் இப்போது 2 மணி 31 நிமிடம். 2 மணி 15க்குள் வர வேண்டும். பாட்டைக் குறைக்கலாம் என்கிறார்கள். எனக்கு உறுத்துவது பஸ் ஸ்டாண்ட் சீன்.

மார்ச் 3, திங்கள்

அந்த சீன் 1 நிமிடம் 50 விநாடி. வேலைக்கு வெளியூர் போகும் மகனை அப்பா வழியனுப்புகிறார். அப்பாவாக நடித்தவர் செய்யாறு பக்கத்துக் கூத்துக் கலைஞர், எழுபதைத் தாண்டியவர். படத்தில் அவர் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் இதுதான். நன்றாகவும் பேசியிருக்கிறார்.

ஆனால் அதற்கு முந்தைய சீனில், மகன் தூங்கும்போது அவன் பைக்குள் பணத்தைச் செருகுகிறார். சத்தம் கேட்டுவிடுமோ என்று ஜிப்பை ஒவ்வொரு பல்லாக இழுத்து மூடுகிறார். அந்த விரல்களைப் பார்த்தபோதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்கு மேல் அவர் பேசுவதெல்லாம், பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

டைரக்டரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “அந்தப் பெரியவர் முகத்துல நான் எப்படிண்ணே முழிப்பேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

வேலை ஓடவில்லை. பழைய ஞாபகம்.

1991இல் வடபழனியில் ஒரு எடிட்டிங் ரூமில் சேர்ந்தேன். ஸ்டீன்பெக் என்ற ஃபிலிம் எடிட்டிங் மேஜை ஓடும். ஷூட்டிங் ஃபிலிமின் முதல் பிரதியான ரஷ் பிரிண்ட் வந்ததும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கிளாப் அடிக்கும் ஃபிரேமையும் சவுண்டில் கிளாப் விழும் இடத்தையும் பொருத்துவதுதான் என் வேலை. விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு அடி ஃபிலிமுக்கு 16. வெட்டிய துண்டுகளை நம்பர் எழுதி, துணி கட்டிய தொட்டிக்கு மேல் கொக்கிகளில் தொங்கவிட வேண்டும். ஒருநாள் என் குரு, ஹீரோயின் கண் இமைப்பதற்கு முன்னால் வெட்டிய இரண்டு ஃபிரேமைத் திரும்பக் கேட்டார். ஒன்றரை அங்குலத் துண்டு. கொக்கியில் இல்லை. ராத்திரி முழுக்கக் குப்பைச் சாக்கைக் கொட்டித் தேடினேன். விடியற்காலை நாலு மணிக்கு, தொட்டித் துணியின் தையலில் சிக்கிக் கிடந்தது. குரு அதை வாங்கி ஒட்டினார், திட்டவில்லை. அன்றிலிருந்து, வெட்டிய துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

மார்ச் 6, வியாழன்

எடிட்டர் கிஷோர் போய் இன்றோடு பத்து வருடம்.

‘நாயகன்’ படத்தை எடிட் செய்த லெனினிடமும் வி.டி. விஜயனிடமும் தொழில் படித்தவர். ‘ஆடுகளம்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். ‘விசாரணை’ வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தம் உறைந்திருந்தது. 36 வயதில் இறந்துபோனார். அப்புறம் ‘விசாரணை’க்காக அவருக்கு இரண்டாவது தேசிய விருது வந்தது. வாங்குவதற்கு அவர் இல்லை.

நான் அவரோடு பேசிப் பழகியதில்லை. ஆனாலும் மார்ச் மாதம் வந்தால் மனசு கனத்துவிடுகிறது. இருட்டு அறை, ஏசி, பதினாறு மணி நேர நாற்காலி, ரிலீஸ் தேதி என்று இந்தத் தொழிலில் உடம்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ராத்திரி எட்டுக்கு மேல் என் ரூமில் வேலை கிடையாது என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். தம்பி நம்பவில்லை. நானே சுவிட்சை அணைத்துவிட்டு அவனை அனுப்பி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வழி கிடைத்தது. ஜிப் மூடும் ஷாட்டின் கடைசியிலேயே பஸ் எஞ்சின் உறுமலைக் கொண்டுவந்துவிட்டேன். கண் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது, காது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் பெரியவரின் கை. பேச்சே இல்லை. பஸ் நகர, கை விலகுகிறது.

36 ஃபிரேம் வைத்தால் யாரோ கையை எடுத்த மாதிரி இருக்கிறது. 48 வைத்தால் அவர் ஏதோ பேசப் போகிறார் என்று மனசு காத்திருக்கிறது. 40 சரியாக உட்கார்ந்தது. டைரக்டர் மூன்று முறை ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “வெச்சுக்கலாம்ணே” என்றார்.

மார்ச் 8, சனி

பெரியவருக்கு நானே போன் செய்தேன். தியேட்டரில் உட்கார்ந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

“ஐயா, நீங்க பேசின இடம் படத்துல வரலை. உங்க கை மட்டும் வருது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஆடு கத்தியது. “நல்லா பேசலையா தம்பி?”

“ரொம்ப நல்லா பேசினீங்க ஐயா.” ஜிப் மூடியதைப் பற்றிச் சொன்னேன். அது அவருக்கு ஞாபகமே இல்லை. யாரும் சொல்லித் தரவில்லையாம், வீட்டில் பிள்ளைகள் தூங்கும்போது அப்படித்தான் மூடுவாராம்.

“நான் பேசினதை எனக்கு மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா?”

முழு சீனையும் தனியாக எடுத்து வைத்து, மேலே அவர் பெயரை எழுதச் சொன்னேன். தம்பி எழுதினான். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறார்.