வலது பக்க அடிவயிற்று வலி: காரணம் தெரியும்வரை நடந்தது

அடிவயிற்றில் வலி என்று வாயைத் திறந்தால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "சூடு பிடிச்சிருக்கு, பார்லி தண்ணி குடி" என்பார் என் மாமியார். "வாயுதான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பெண்ணாக இருந்துவிட்டால் கடைசியில் எல்லாமே கர்ப்பப்பைக் கோளாறு என்ற ஒரே கணக்கில் போய்ச் சேரும். எனக்கு வந்த வலிக்கு இவை எதுவுமே காரணமில்லை. டாக்டர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காரணத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதை எழுதி வைக்கிறேன். எதற்காக இதைக் கேட்கிறார்கள், எதற்காக அந்தப் பரிசோதனை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துப் பயம் பாதி குறையும்.

எனக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் குலைக் கணக்கு எடுக்கும் வேலை. காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து உள்ளே போனால் வெயில் ஏறும்வரை நடைதான். வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு உள்ளே, ஒரு மந்தமான வலி வந்து வந்து போனது. கூடவே அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும்போல் இருக்கும். போனால் சில சொட்டுதான், அதுவும் எரிச்சலோடு. சிறுநீரில் கிருமி என்றுதான் யாருக்கும் தோன்றும். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அங்கே ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, எண் வாங்கி உட்கார்ந்தால் முதலில் சிறிய பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். தோலில் உள்ள கிருமி கலந்துவிட்டால் முடிவு குழம்பிவிடும். மிஸ்ஸி (நர்ஸ்) அதில் ஒரு மெல்லிய பட்டையை முக்கி எடுத்தார். பட்டை முழுக்கச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள். டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் நிறங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். ரத்தம் இருந்தது, என் கண்ணுக்குத் தெரியாத அளவில். வெள்ளை அணுக்கள் கொஞ்சம். நைட்ரைட் இல்லை. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் பல இந்த நைட்ரைட்டை உண்டாக்கும். ஆனால் அது இல்லை என்பதற்காகத் தொற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். அதனால் மீதிச் சிறுநீரைக் கிருமி வளர்த்துப் பார்க்க லேப்புக்கு அனுப்பிவிட்டு, மருந்தையும் தொடங்கினார்கள்.

அதே பாட்டிலில் கர்ப்பப் பரிசோதனையும் செய்தார்கள். "டாக்டர், எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருச்சே" என்றேன். அந்தத் தமிழ் டாக்டர் நிதானமாக விளக்கினார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாகக் கரு தங்கிவிடுவது உண்டு. அப்படித் தங்கினால் அது கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயிலேயே தங்கும் வாய்ப்பு அதிகம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண் அடிவயிற்று வலி என்று வந்தால் இதை முதலில் பார்க்காமல் விடக் கூடாது என்றார். திருமணமாகாத பெண்களிடமும் இதே காரணத்துக்காகத்தான் கேட்கிறார்கள். அம்மாக்கள் இதில் கோபப்பட வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

லேப் முடிவில் கிருமி எதுவும் வளரவில்லை. மருந்து முடிந்தும் வலி போகவில்லை. டாக்டர் ஸ்கேனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு ராத்திரி வலி வேறு மாதிரி வந்தது. அலை அலையாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இரண்டு முறை வாந்தி. வீட்டுக்காரர் காரை எடுத்தார். இங்குள்ள ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவில் மஞ்சள் பகுதி. சிவப்பு உயிருக்குப் போராடுபவர்களுக்கு, பச்சை காத்திருக்கக் கூடியவர்களுக்கு. வலது பக்க வலி என்றதும் அங்கே எல்லோர் மனதிலும் அப்பெண்டிக்ஸ்தான். தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை. ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே. வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்துப் பிறகு வலது பக்கம் இறங்கியதா, பசி போய்விட்டதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். இருமச் சொன்னார்கள். வயிற்றை மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார் டாக்டர். எடுக்கும்போது சுரீரென்று வலித்தால் வயிற்றின் உள்சவ்வு வீங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அவர் என்னைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். நான் படுக்கவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், குனிவதும், முட்டி போடுவதும், சொட்டு மருந்துக் கம்பத்தோடு அங்கேயும் இங்கேயும் நடப்பதுமாக இருந்தேன். விரிப்பு கசங்காமல் அப்படியே கிடந்தது. அப்பெண்டிக்ஸ் முற்றியவர் அசைந்தாலே வலிக்கும் என்று கால் மடக்கி ஆடாமல் படுத்திருப்பார், சிறுநீரகக் கல் அடைத்தவரால் ஒரு இடத்தில் இருக்க முடியாது என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் சொன்னார். என் காதில் விழுந்தது. அதை வைத்து மட்டும் அவர் முடிவெடுத்துவிடவில்லை, ஆனால் தேடுகிற திசை அங்கேதான் மாறியது.

கேள்விகள் இன்னும் நிறைய. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, மாதவிடாயில் வலி எப்படி, வெள்ளைப்படுதலில் வாடை உண்டா, உடலுறவின்போது வலி உண்டா, மலம் இறுகிப் போகிறதா, அதில் ரத்தம் உண்டா. வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சிலவற்றைக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் இருக்கிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளர்வது, இடுப்புக்குழியில் கிருமித் தொற்று, குடல் அழற்சி என்று பட்டியல் நீளும். தொடை இடுக்கிலும் கை வைத்துப் பார்த்தார்கள். குடலிறக்கம் இருந்தால் அங்கே புடைத்துக்கொண்டு தெரியும். ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதை முறுக்கிக்கொண்டாலும் பையன் வெட்கப்பட்டு வயிறு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்வான். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அதைச் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சற்று அதிகம். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வலியும் வாந்தியும்கூட அதை ஏற்றும் என்றார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று வந்தது.

ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பினால் குடல் மேலே தள்ளப்பட்டு, பின்னால் இருக்கும் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். சொட்டு மருந்தே அதை நிரப்பிவிட்டது. வலது சினைப்பையில் 3 சென்டிமீட்டர் நீர்க்கட்டி. அதைக் கேட்டதும் என் மனதில் புற்றுநோய்வரை ஓடிவிட்டது. பெண்கள் பிரிவு டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்: மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர், கருப்பாக. மாதாமாதம் முட்டை வளரும்போது இப்படி உண்டாவதும் தானாக மறைவதும் சகஜமாம். அந்தச் சினைப்பை முறுக்கிக்கொண்டால்தான் அவசரம், ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறது, இவ்வளவு வலிக்கு இது காரணமாகத் தெரியவில்லை என்றார். அவர் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளாததற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்தால் அதுதான் காரணம் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம்.

கருவியை மேலே நகர்த்தி வலது சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். லேசாக வீங்கியிருந்தது. கீழே எங்கோ அடைப்பு. எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை. அப்புறம் சிடி ஸ்கேன், சாய ஊசி இல்லாமல், சில நிமிட வேலை. 5 மில்லிமீட்டர் கல் ஒன்று, சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் வாசலில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். வழியில் மூன்று இடங்களில் குறுகும்; கடைசி இடம்தான் இது. மேலே இருந்தால் முதுகுப் பக்கம் வலிக்கும். வாசலுக்கு வந்துவிட்டால் வலி அடிவயிற்றுக்கு இறங்கிவிடும். சிறுநீர்ப்பையையும் உறுத்துவதால் அடிக்கடி போக வேண்டும்போல் இருக்கும், எரியும். கிளினிக்கில் கிருமி என்று நினைத்ததற்கும் ஆஸ்பத்திரியில் அப்பெண்டிக்ஸ் என்று நினைத்ததற்கும் இந்த ஒரே கல்தான் காரணம்.

5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடுமாம். வலி மாத்திரையும் டாம்சுலோசினும் கொடுத்தார்கள். டாம்சுலோசின் ஆண்களின் புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் மருந்து. குழாயின் கீழ்ப்பகுதியைத் தளர்த்தும் என்று பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஓடி வரச் சொன்னார்கள். அடைப்புக்குப் பின்னால் கிருமியும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று என் மாமியார் கேட்டார். குடிக்கலாம், அதையே மருந்தாக நம்பி இருந்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது.

சிறுநீரை வடிகட்டச் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று ஒரு புது தேத்தண்ணி வடிகட்டி வாங்கினேன். ஒரு காலையில் அதன் கம்பி வலையில் நின்றது. மிளகு அளவு, செம்பழுப்பு நிறம், ஒரு பக்கம் சொரசொரப்பு. இவ்வளவு சின்னதா என்று கையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். காயவைத்து, சின்ன டப்பாவில் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன். யூரிக் அமிலக் கல் என்று முடிவு வந்தது. அந்த வகைக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது.

சிறுநீர் குறைந்து, புளிப்பேறினால் இந்தக் கல் சேரும். டாக்டர் என்னிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். காட்டுக்குள் போனால் குடிப்பதே இல்லை என்றேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் இது ஆச்சரியமில்லை. உள்ளே கழிப்பறை கிடையாது. ஆண்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். நாங்கள் எங்கே போவது? பாம்பு ஒரு பயம், ஆள் வருவார்களோ என்பது இன்னொரு பயம். மருந்து அடிப்பவர்கள் கவச உடையைக் கழற்றி மாட்டவே நேரமாகும். அதனால் காலையில் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி, அப்புறம் மதியம் வீடு திரும்பித்தான் தண்ணீர். அத்தனை வெயிலில், அத்தனை வியர்வையில்.

ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கவும் மருந்து கொடுத்திருக்கிறார். மறு ஸ்கேனில் வீக்கம் வடிந்துவிட்டது, சினைப்பைக் கட்டியும் மறைந்துவிட்டது. இப்போது பெரிய பாட்டிலோடுதான் உள்ளே போகிறேன். டாக்டரின் கடிதத்தை நகலெடுத்து, நாங்கள் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தோட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். குலை ஏற்றும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நடமாடும் கழிப்பறை வந்திருக்கிறது. ஆற்றோரத்துப் பிளாக்குகளுக்கு இன்னும் வரவில்லை. அங்கே மருந்து அடிப்பவர்களுக்காக அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.